கூத்து வாத்தியாருக்கு ஒரு சம்பளம்

ஒரு வட்டாரத்துக்கென்று ஒரு சிம்பொனி வாத்தியக் குழு இருந்தால் அதன் ஆண்டு மூன்று வேலைகளில் கழியும்: பணம் திரட்டுவது, கச்சேரி நடத்துவது, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது. ரசிகர் காதில் விழுவது நடு வேலை மட்டும்தான். ஆனால் முதலும் மூன்றாவதும் தளர்ந்துவிட்டால் சில ஆண்டுகளிலேயே கச்சேரியும் நின்றுபோகும். கொழும்பில் இலங்கை சிம்பொனி வாத்தியக் குழு 1958 முதல் இயங்கிவருகிறது. ஊவா மாகாணத்தில் அத்தகைய குழு கிடையாது. ஆனாலும் பூனாகலை, அப்புத்தளை, தெமோதரை, நமுனுகுலை என்று பண்டாரவளையைச் சுற்றிக் கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்து நடந்துவந்த முறையை இந்த மூன்று வேலைகளின் கணக்கில் வைத்துப் பார்த்தால், ஒரு வட்டார இசை நிறுவனத்துக்கு வேண்டியவற்றில் முக்கால் பங்கை இந்தத் தோட்ட மக்கள் யார் உதவியும் இல்லாமல் உண்டாக்கி வைத்திருப்பது தெரியும். மீதிக் கால் பங்கு கற்பித்தல். அதற்கு யாரும் பணம் கொடுத்ததில்லை. மலையகக் கலையை வளர்க்கிறோம் என்று புறப்படுகிறவர்கள் மேடை போடுவதற்கு முன்னால் கூத்து வாத்தியாருக்கு ஒரு மாதச் சம்பளம் ஏற்பாடு செய்யவேண்டும் என்பதே இங்கே சொல்ல வந்தது.

காமன் கூத்தின் நாட்காட்டியில் ஒரு கச்சேரிப் பருவத்தின் கட்டுக்கோப்பு இருக்கிறது. மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். வேடம் ஏற்பவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். அன்று தொடங்கி இரவுக்கு இரவு ரதியும் காமனாகிய மதனும் ஆடுவார்கள். பௌர்ணமியில் கதை முழுவதும் நிகழ்ந்து, சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிவான். மூன்றாம் நாள் அவனை உயிர்ப்பிப்பார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் நாட்கணக்கும் சடங்கும் கொஞ்சம் மாறும். ஆனால் சிறிதாகத் தொடங்கி ஒரு பெரிய இரவை நோக்கிப் படிப்படியாக ஏறுவது எங்கும் ஒன்றுதான். அந்தப் பெரிய இரவில் தட்சன், இந்திரன், தூதன், வீரபத்திரன், எமன், காளி, குறவன், குறத்தி, கோமாளி என்று ஆள்மாற்றி ஆள் வந்துகொண்டிருப்பார்கள். ஒவ்வொரு வருகைக்கும் தப்பு என்னும் தோற்கருவி நடையை மாற்றிக்கொள்ளும். வீரபத்திரன் வரும் அடியில் கோமாளி வரமுடியாது. தூக்கக் கலக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் கிழவிக்குக்கூட அடுத்து யார் வருகிறார் என்று அடியை வைத்தே தெரியும். ஐரோப்பிய இசைநாடகத்தில் வாக்னர் பாத்திரத்துக்கொரு இசைக்குறிப்பு வைத்ததைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். காமன் பொட்டலில் அதே நுட்பம் கேள்வியறிவாகவே நடமாடுகிறது.

தப்பை வெறும் இரைச்சல் என்று ஒதுக்குகிறவர்கள் அதைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று கேட்கவேண்டும். ஒற்றை முகத் தோல், இரண்டு குச்சிகள். வலக்கையில் இருக்கும் தடித்த அடிக்குச்சி தோலின் நடுவில் விழுந்து அடித்தளத்தைப் போடுகிறது. இடக்கையில் இருக்கும் மெல்லிய நீளக் குச்சி விளிம்பில் பட்டுச் சடசடக்கிறது. ஒரே கருவியில் தாழ்ந்த குரலும் உயர்ந்த குரலும் ஒன்றையொன்று மறித்தும் விட்டுக்கொடுத்தும் பேசும். நான்கைந்து தப்புகள் சேரும்போது ஒருவர் அடியை விரித்து விளையாடுவார். மற்றவர்கள் தரையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். முன்னவர் கண்ணசைத்ததும் எல்லோரும் ஒரே அடியில் வந்து விழுவார்கள். சுருதி சேர்ப்பது நெருப்பில். மலைநாட்டு மாசி இரவில் பனி இறங்க இறங்கத் தோல் நெகிழும், குரல் மந்தமாகும். அதனால் பொட்டலின் ஓரத்தில் ஒரு நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். ஒரு தப்பு காய்ந்துகொண்டிருக்க, மற்றது ஒலிக்கும். எந்த இடத்தில் எந்தத் தப்பு நெருப்புக்குப் போகலாம் என்பதும் கதை ஓட்டத்தை வைத்தே முடிவாகும். வீரபத்திரன் வரும் நேரத்தில் தோல் தளர்ந்து கிடக்கக்கூடாது. ரதியின் புலம்பலில் தப்பு தணிந்து குரலுக்கு வழிவிடும். அந்தப் புலம்பல் தோட்டத்துப் பெண்களின் ஒப்பாரிக்கு வெகு அருகில் நிற்கும் இசை. ரதி வேடம் கட்டுவது ஆண்தான் என்றாலும், பாட்டின் இழுவையும் முறிவும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் மரண வீடுகளில் பெண்கள் பாடிப் பாடி உருவாக்கியவை. கூத்தின் உச்சம் காமன் எரியும் காட்சி என்று சொல்வார்கள். இசையை மட்டும் கொண்டு பார்த்தால் உச்சம் அதற்கடுத்த இந்தப் புலம்பலில்தான் இருக்கிறது.

இனிப் பணம். தோட்டச் சம்பளச் சிட்டையில் கோயிலுக்கென்று ஒரு தொகை கழிபடுவது மலையகத்துக்குப் பழகிய விஷயம். திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி வைப்பதும் அப்படியே. காமன் கூத்தில் அதற்கு மேலும் இரண்டு வழிகள் உண்டு. ரதியும் மதனும் லயம் லயமாகப் போய் வாசலில் ஆடுவார்கள். வீட்டார் தட்டில் காணிக்கை வைப்பார்கள். நேர்த்தி வைத்தவர்கள் வேடத்தையோ அதன் செலவையோ ஏற்றுக்கொள்வார்கள். கடவுளுக்குக் கொடுத்த வாக்கு ஆகையால் கொடுத்தவர் பின்வாங்குவதில்லை. மேலைநாட்டு வாத்தியக் குழுக்கள் சந்தாதாரர், புரவலர், வீடுதேடிச் சென்று நடத்தும் சிறு கச்சேரி என்று பிரித்து வைத்திருப்பவை எல்லாம் இங்கே ஒரே கொடுக்கல் வாங்கலுக்குள் இருக்கின்றன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி, இந்தத் தோட்டங்கள் இருக்கும் பதுளை மாவட்டத்தில் சுமார் ஒன்றரை இலட்சம் மலையகத் தமிழர்கள். தோட்டத் தொழிலாளர் 2021இல் போராடிப் பெற்ற நாட்சம்பளம் 1,000 ரூபாய். 2024இல் அது 1,350 ஆனது. அந்தச் சம்பளத்திலிருந்துதான் கூத்துக்கும் பணம் வந்திருக்கிறது. இவ்வளவு குறைந்த வருமானத்திலிருந்து இவ்வளவு ஒழுங்காகத் தன் இசைக்குப் பணம் கொடுத்துவந்த வேறொரு ரசிகர் கூட்டத்தை இலங்கையில் காட்டுவது கடினம்.

ஏழைகளிடம் வாங்கிக் கூத்து நடத்துவது பெருமையா என்ற கேள்வி நியாயமானது. தேவைப்பட்ட பணத்தைத் தானே ஈட்டிக்கொள்ளாத கலை எதற்கு என்று இன்னொரு பக்கத்திலிருந்தும் கேட்பார்கள். இரண்டாவதற்கு 1966இலேயே பதில் கிடைத்துவிட்டது. வில்லியம் போமோல், வில்லியம் போவன் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க நிகழ்த்துகலைகளின் வரவு செலவை ஆராய்ந்து, நுழைவுச்சீட்டு வருமானம் ஒருபோதும் செலவை எட்டாது என்று காட்டினார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் பத்துப்பேர் வேலையை ஒருவர் செய்யலாம். நால்வர் வாசிக்கும் இசையை இன்றைக்கும் நால்வர்தான் வாசிக்கவேண்டும், அதே நேரம் எடுத்துக்கொண்டு. கூத்தும் அப்படித்தான். விடியும்வரை ஆடவேண்டியதை விடியும்வரைதான் ஆடலாம். ஆகவே வெளியிலிருந்து பணம் தேவைப்படுவதால் ஒரு கலை தகுதியற்றதாகிவிடாது. முதல் கேள்விக்குப் பதில், அந்தச் சுமையை ஏழைகள் மட்டும் தாங்குவது அநீதி என்பதுதான். கூத்தை நிறுத்திவிடுவது அதற்குப் பரிகாரமாகாது.

கற்பித்தலுக்கு வருவோம். பெரும்பாலான குழுக்களில் பாட்டு முழுதும் ஒருவரிடம் இருக்கும். அவர் கூத்து வாத்தியார். அவர் கையில் ஒரு கொப்பி. பாதி அதில், பாதி நினைவில். மாசிக்குச் சில வாரங்கள் முன்பு மாலையில் ஒத்திகை தொடங்கும்; பையன்கள் ஆடியாடியே பழகுவார்கள்; தப்பைப் பக்கத்தில் உட்கார்ந்தே பிடித்துக்கொள்வார்கள். இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: வாத்தியாரும் பையனும் ஒரே தோட்டத்தில் நெடுங்காலம் இருக்கவேண்டும். அது பலமுறை உடைந்தது. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. லயத்துக்கு லயம் குடும்பங்கள் பிரிந்தன. பாட்டறிந்த ஒருவர் கப்பலேறினாலே ஒரு குழு ஊனப்படும். இப்போது இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். மாசியில் விடுமுறை கிடைத்தால் வந்து ஆடுகிறார்கள். ஆடுவதற்கு வரமுடிகிறது, பழகுவதற்கு வரமுடிவதில்லை. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து நூலாக்கியதால் பல பாடல்கள் தாளில் பிழைத்தன. ஆனால் தப்படியைத் தாள் காப்பாற்றாது. அதைக் கை கைக்குத்தான் கொடுக்கவேண்டும்.

கூத்து வழிபாடு, அதை வாத்தியக் குழுவோடு ஒப்பிடுவதே பிழை, ஆசிரியருக்குச் சம்பளம் என்று வந்துவிட்டால் பக்தி போய்த் தொழிலாகிவிடும் என்பது ஒரு தடை. இசையமைப்பாளர் பாக் 1723இல் லைப்சிக் நகருக்குப் போனது தேவாலயத்தில் வாராவாரம் நடக்கும் வழிபாட்டுக்கு இசை அமைக்கத்தான். தோமஸ் பள்ளிப் பையன்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதும் அவருடைய வேலை. நகரசபை சம்பளம் கொடுத்தது. 1750இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். மேலை இசையின் மிக ஆழமான பக்திப் படைப்புகளில் பல அந்தச் சம்பளக்காரர் எழுதியவை. நம் பக்கத்தில் பெருங்கோயில்கள் நாதஸ்வரக்காரருக்கும் ஓதுவாருக்கும் மானியம் வைத்திருந்தன. மாரியம்மன் கோயிலில் பூசகருக்குக் கொடுப்பதால் பூசை கெட்டுவிட்டதாக யாரும் சொல்வதில்லை.

இன்னொரு தடை இதைவிடக் கனமானது. அதை மெல்லக் கடந்துபோகக்கூடாது. தப்பு ஒரு சாதியின் கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்ட கருவி. தோட்டத்தில் விடியுமுன் ஆட்களைப் பிரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, எழுப்பியதும் தப்புத்தான். துரைமாரின் மணியாக அது பயன்பட்டது. சாவு வீட்டில் அடித்தவர் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரமுடியாத நாட்கள் இருந்தன. அந்தக் குடும்பத்துப் பிள்ளை தப்பைக் கையால் தொடமாட்டேன் என்று சொன்னால் அந்த முடிவை மதிக்கவேண்டும். மரபைக் காப்பாற்று என்று அவன்மேல் மறுபடியும் சுமத்த நமக்கு உரிமை கிடையாது. ஆனால் தோளிலிருந்து இழிவை இறக்கும் வழி தப்பை எரிப்பது ஒன்றுதானா? இதே தீவில் கண்டிய மேளம் பெரவா சாதியாரின் கட்டாயச் சேவையாக இருந்தது. சென்ற நூற்றாண்டின் நடுவில் அது அரசாங்கப் பள்ளிப் பாடமானது; எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கற்றார்கள்; இன்று அரச விழாக்களின் முன்வரிசையில் ஒலிக்கிறது. அதில் ஒரு குறையும் நேர்ந்தது: பாடமானபின் மரபுவழிக் குடும்பங்கள் ஓரங்கட்டப்பட்டதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மலையகம் அந்தத் தவறைத் தவிர்க்கலாம். தப்பின் உறவுக் கருவியான பறைக்குத் தமிழ்நாட்டில் மதிப்பு வந்திருக்கிறது: 2025இல் அலங்காநல்லூர்ப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஶ்ரீ அறிவித்தார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையடிக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் கற்கலாம், கற்பிக்கிறவர் இதுவரை இழிவு சுமந்தவர், அவருக்கு ஆசிரியருக்குரிய சம்பளமும் நாற்காலியும் உண்டு என்ற ஏற்பாடுதான் இந்தத் தடைக்கு நேர்மையான பதில். பெண்பிள்ளைகளுக்கும் அங்கே இடம் வைக்கவேண்டும். ரதியின் புலம்பலை உருவாக்கியவர்களின் பேத்திகள் அவர்கள்.

இதற்குப் பதிலாக இன்று நடப்பது பெரும்பாலும் மேடையேற்றம். தோட்டத்துக் கூத்துக் குழுவை ஒரு விழாவுக்கு அழைத்து, விடிய விடிய நடப்பதை இருபது நிமிடத்தில் சுருக்கித் தரச்சொல்லி, பொன்னாடை போர்த்தி அனுப்புகிறார்கள். நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் ரதிக்குப் புலம்ப நேரமில்லாத காமன் கூத்தில் இசையின் உயிர்நாடியே அறுந்துபோகிறது. அந்தச் சுருக்கத்தையே பார்த்து வளரும் பிள்ளை அதுதான் கூத்து என்று நினைத்துக்கொள்கிறது. உலகின் பெரிய வாத்தியக் குழுக்கள் சில, மேடையோடு கற்பித்தலும் வேண்டும் என்று எப்போதோ திருந்திவிட்டன. வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இசைப் பயிற்சி இயக்கத்தைப் பார்த்து, 2007இல் லொஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மொனிக் தன் நகரத்துச் சிறார்களுக்கு ஒரு குழுவைத் தொடங்கியது. கருவியும் பயிற்சியும் இலவசம். நன்கொடை கேட்கும்போது கச்சேரியோடு கூட அந்தப் பிள்ளைகளையும் முன்வைக்கிறார்கள்.

ஊவாவில் யாரிடம் கேட்பது என்று யோசிக்க வெகுதூரம் போகவேண்டாம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்றில் பறிக்கும் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம், ஏலத்தில் தனி மதிப்பு. 1992 முதல் தோட்டங்களை நடத்தும் கம்பனிகள் அந்தப் பெயரை விற்கின்றன. எல்ல நகருக்கும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் வரும் பயணிகளால் விடுதிகள் நிறைகின்றன. மாகாணக் கல்வித் திணைக்களம் இருக்கிறது. பள்ளிகளின் தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்க நாட்டார் கலை தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். அழகியல் பாடத்தில் கர்நாடக சங்கீதத்துக்கும் பரதத்துக்கும் ஆசிரியர் இருக்கும்போது தப்புக்கு ஒரு வருகைதரு பயிற்றுநர் இருப்பதில் சட்டச் சிக்கல் ஏதும் பெரிதாக இருக்கப்போவதில்லை. வெளிநாட்டில் உழைக்கும் மலையக இளைஞர்கள் கோயில் கோபுரத்துக்கு அனுப்பும் தாராளத்தில் சிறு பங்கே போதும். அவர்கள் எல்லோரிடமும் கேட்கவேண்டியதில் முதலில் வருவது வாத்தியாரின் மாதச் சம்பளம். பிறகு தோலும் குச்சியும், ஒத்திகைக்கு ஒரு கொழுந்து மடுவமோ பள்ளி மண்டபமோ, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் வந்துபோகப் பஸ் காசு, வாத்தியாரின் கொப்பியைப் படியெடுக்கவும் அவர் முழு இரவும் பாடுவதை ஒலிப்பதிவு செய்யவும் கொஞ்சம் செலவு. மாசிச் செலவை லயங்கள் எப்போதும்போலப் பார்த்துக்கொள்ளும்; அவர்களுக்கு அது தெரியும், செய்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் பணம் போய்ச்சேரவேண்டியது பங்குனியிலிருந்து தை வரை உள்ள பதினொரு மாதங்களுக்கு.