மோனேயின் துறைமுகமும் கயிறு எண்ணும் கண்ணும்

கப்பல் ஓவியம் என்றாலே நம்மவர்கள் முதலில் தேடுவது கயிற்றை. பாய்மரம் எத்தனை, பாய் எத்தனை, எந்தக் கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று பார்த்து, சரியாக இருந்தால் "பேஷ்!" என்போம். இதில் நியாயமும் உண்டு. திருகோணமலையின் பெயர் தாங்கிய 'டிரிங்கோமலி' போர்க்கப்பல் 1817-இல் நம் பம்பாயில், வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டியது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அதை வரைபவர் கயிற்றில் கோட்டைவிட்டால் வரலாற்றிலேயே கோட்டைவிட்டவர் ஆவார்.

ஆனால் அதே அளவுகோலுடன் குளோத் மோனேயிடம் போகலாகாது. லெ ஆவ்ர் துறைமுகத்தை அவர் வரைந்த 'உதயம் - ஒரு மனப்பதிவு' 1874-இல் பாரிஸில் காட்சிக்கு வந்தபோது, லூயி லெருவா என்ற விமர்சகர் அதன் தலைப்பையே பிடித்துக்கொண்டு கேலி செய்தார். அந்தக் கேலிதான் பிறகு ஓர் இயக்கத்துக்கே பெயராயிற்று. படத்தில் பாய்மரங்கள் உண்டு, கயிறு தெரியாது. பக்கத்திலேயே புகைபோக்கிகள். பனியும் புகையும் இரண்டையும் ஒன்றாகக் கரைத்துவிடுகின்றன. "கப்பலே இல்லியே சார், வெறும் மூட்டம்தானே!" என்றார் எங்கள் குடியிருப்பு நண்பர் ஒருவர்.

மூட்டம்தான். ஆனால் அந்த ஆரஞ்சுச் சூரியனைப் பாருங்கள். அதன் ஒளியளவு சுற்றியுள்ள சாம்பல் வானத்தின் ஒளியளவேதான். நிறம் மட்டுமே வேறு. ஹார்வர்டு நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதைச் சுட்டிக்காட்டினார். இடத்தையும் அசைவையும் அறியும் மூளைப்பகுதி ஒளி வேறுபாட்டை மட்டுமே பார்க்கும்; அதற்கு இந்தச் சூரியன் இல்லவே இல்லை. நிறம் காணும் பகுதிக்கோ பளிச்சென்று இருக்கிறது. இந்த இழுபறியில்தான் சூரியன் நடுங்குகிறது. அளவுக் கருவியோடு பழகிய அணுசக்தி நகர்வாசிகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கருவி இல்லாமல், கண்ணாலேயே இவ்வளவு நுட்பமாகச் சமன் செய்தவரை 'அவசரக்காரர்' என்று சொல்வது அநியாயம் என்பது என் துணிபு. எந்தக் கப்பல் என்று இப்படத்தை வைத்துச் சொல்ல முடியாதுதான். அந்தக் குறையை மறுக்கவில்லை.

நமது சிறுவர் ஓவியப் போட்டிகளில் கயிறு வரைந்த பிள்ளைக்கே பரிசு போகிறது. டிராம்பே படகுத்துறையின் காலை மூட்டத்தை அப்படியே சாம்பலாகத் தீட்டும் பிள்ளைக்கும் மதிப்பெண் போடுங்கள் என்று நடுவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கட்டுரையோடு மோனேயின் படத்தைப் போடலாமா என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். கறுப்பு வெள்ளையில் என்றால் வேண்டாம் என்றேன். சூரியன் காணாமல் போய்விடும்.