ஒரு சொல்லுக்குள் ஒளிந்த பேரரசு

பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும்போது, "குரலைப் பார்க்காதீங்க, சொல்லைப் பாருங்க" என்பேன். போன மாதம் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அதையே என்னிடம் திருப்பினான். "சேர், ஜலியன்வாலா பாக் படுகொலையைச் சேர்ச்சிலே கண்டிச்சிருக்காராமே. அப்ப அவர் நல்லவர்தானே?" சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் பேச்சை ஹன்சார்ட்டில் மீண்டும் படித்தேன்.

நாள் 1920 ஜூலை 8. இடம் பிரித்தானியப் பொதுச்சபை. முந்தைய வருடம் ஏப்ரல் 13 இல் அமிர்தசரஸில் டயரின் உத்தரவுப்படி 1,650 ரவைகள் சுடப்பட்டன. உத்தியோகபூர்வக் கணக்கிலேயே 379 பேர் மாண்டனர். இந்தியாவுக்கான அமைச்சர் மொன்டேகு பேசியபோது டயரின் அனுதாபிகள் கூச்சலிட்டுச் சபையைக் கொதிக்க வைத்தார்கள். யுத்த மந்திரியாக இருந்த சேர்ச்சில் எழுந்து அதைத் தணித்தார். அந்தக் கூட்டத்திடம் ஆயுதமில்லை, அது யாரையும் தாக்கவுமில்லை, பயமுறுத்தி ஆள்வது பிரித்தானிய வழக்கமல்ல என்று படிப்படியாக அடுக்கினார். டயர் தரப்பு 230 க்கு 129 என்று தோற்றது. அதே மாதம் பிரபுக்கள் சபை 129 க்கு 86 என்று டயரின் பக்கம் நின்றதை நினைத்தால், அந்தப் பேச்சின் துணிவை மறுக்க முடியாது.

ஆனால் ஒரு சொல் உறுத்துகிறது. நடந்தது கோரம் என்றவர், அது பேரரசின் வரலாற்றில் தன்னந்தனியாக நிற்கும் சம்பவம் என்றார். வாய் தவறி வந்த சொல்லா? 1904 இல் சபையில் பேச்சு மறந்து பாதியில் உட்கார்ந்த பிறகு, முழுக் குறிப்புடன் வருவதை வழக்கமாக்கிக் கொண்டவர் அவர். யோசித்து வைத்த சொல் என்றே நான் வாசிக்கிறேன். டயரைத் தனிமைப்படுத்தினால் ஆட்சி சுத்தமாகிவிடும். டயர் பதவி இழந்தார். வழக்கு எதுவும் வரவில்லை. அதே ஜூலையில் ஈராக்கின் கிளர்ச்சியை அடக்கிக் கொண்டிருந்த படைகளுக்கும் இதே சேர்ச்சில்தான் பொறுப்பு.

தனிச் சம்பவமா? ஐந்து வருடம் முன்னர் நம் நாட்டில் நடந்தது என்ன? 1915 கலவரத்தில் அடிபட்டதும் கடைகளை இழந்ததும் நம்மவர்கள்தான். அதற்குப் பிறகு வந்த இராணுவச் சட்டத்தில் விசாரணையின்றிச் சுடப்பட்டவர்கள் சிங்களவர்கள். ஹென்றி பேதிரிஸ் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பில் ஜூலை 7 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். நமக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தின் பெயரால் இன்னோர் அநியாயம் நடந்தது. நம் எழுத்துகளில் முதலாவதை விரிவாகச் சொல்லி இரண்டாவதை ஒரு வரியில் கடந்து விடுகிறோம். சேர்ச்சில் செய்ததும் ஏறக்குறைய இதுதானே?

மறுநாள் மாணவனிடம் சொன்னேன்: "பேச்சு நல்ல பேச்சு மகன். ஆனா அவர் எதைச் சொல்லாம விட்டாருன்னும் தேடிப் பாருங்க." கட்டுரையாக எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். 1915 ஐயும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.