தம் ஜனங்களை நம்பாத ஜனநாயகத் தலைவர்

யுத்தத்தில் தோற்று, நான்கு வல்லரசுகளால் கூறுபோடப்பட்டு, உலகின் முன் தலைகுனிந்து நின்ற ஜெர்மனியின் மேற்குப் பகுதிக்கு, 1949 செப்டம்பர் 15 அன்று பான் நகரில் கூடிய பாராளுமன்றம் முதல் சான்ஸலரைத் தேர்ந்தெடுத்தபோது, வெற்றிக்கு வேண்டிய 202 வாக்குகளுக்கு மேல் ஒன்றும் பெறாமல் அப்பதவியை எய்திய கான்ராட் அடேனாவருக்கு வயது 73. அந்த 202-இல் ஒன்று அவர் தமக்குத் தாமே அளித்துக்கொண்டது. முதுமையை எண்ணிப் பலரும் இடைக்காலத் தலைவராகவே கருதிய அவர் 14 ஆண்டுகள் ஆண்டார். அவருக்கு முன்பிருந்த வைமர் குடியரசு வாழ்ந்ததும் ஏறத்தாழ 14 ஆண்டுகளே. அதற்குள் அங்கே ஏறக்குறைய ஒரு டஜன் பேர் அரசாங்கத்தின் தலைமையில் ஏறி இறங்கினார்கள் என்பதை நினைத்தால், அடேனாவர் தந்த ஸ்திரத்தன்மையின் மதிப்பு விளங்கும். ஆனால் எவ்வித ஆட்சிமுறையால் அதைத் தந்தார் என்பதே ஆராய்ச்சிக்குரிய விஷயம்.

அம்முறைக்கு ஜெர்மானியர்கள் ‘சான்ஸலர் ஜனநாயகம்’ என்று பெயரிட்டார்கள். அடேனாவர் தாமே தலைமை வகித்த சபை இயற்றிய 1949-ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம், அரசின் கொள்கைப் போக்கை நிர்ணயிக்கும் உரிமையைச் சான்ஸலருக்கு அளித்ததோடு, மாற்று ஒருவரைத் தேர்ந்தெடுக்காமல் அவரை வீழ்த்த முடியாது என்ற காப்பையும் வைத்தது. சட்டம் தந்த இந்த வலிமையை அவர் சட்டம் எதிர்பாராத அளவுக்கு நீட்டினார். நம்பிக்கைக்குரிய சிலரோடு கலந்து முடிவெடுப்பதும், மந்திரிசபைக்குப் பின்னர் அறிவிப்பதும் அவருடைய வழக்கமாயின. 1950 ஆகஸ்டில், மேற்கு நாடுகளின் பாதுகாப்புக்கு ஜெர்மானியப் படைகளைத் தரத் தாம் தயார் என்று சகாக்களைக் கேளாமலே அமெரிக்கருக்கு அவர் எழுதியனுப்ப, உள்நாட்டு மந்திரி குஸ்டாவ் ஹைனமான் பதவி துறந்தார். படை வேண்டுமா வேண்டாவா என்பது ஒருபுறம் இருக்க, ஒரு தேசம் மீண்டும் ஆயுதம் தாங்குவதென்ற முடிவை மந்திரிகளே அறியாமல் எடுப்பது ஜனநாயக மரபாகாது. ஹைனமான் செய்தது சரி என்றே நான் கருதுகிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகும், இதே சுபாவம்தான் அவருடைய மிக உயர்ந்த செயலுக்கும் காரணமாயிற்று என்பதை மறைப்பது நியாயமன்று. நாஜிகள் கொன்று குவித்த யூத மக்களுக்கு ஜெர்மனி ஈடு செய்ய வேண்டும் என்ற எண்ணம் அன்றைய ஜெர்மானியரிடையே செல்வாக்குப் பெற்றதன்று. யுத்தத்தில் தாங்களே துன்புற்றதாக நினைத்திருந்த மக்கள் அதைப் பாரமாகவே கண்டார்கள். எனினும் 1952 செப்டம்பர் 10 அன்று லக்ஸம்பர்க்கில், இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க்கும், யூத நிறுவனங்களின் கூட்டமைப்புக்கு 45 கோடி மார்க்கும் தருவதென்ற ஒப்பந்தத்தில் அவர் கையொப்பமிட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அது பாராளுமன்றத்துக்கு வந்தபோது, சொந்த அணியிலேயே பலர் வாக்களிக்காமல் ஒதுங்கிவிட, எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியின் வாக்குகளால்தான் அது நிறைவேறியது. பொதுஜன அபிப்பிராயத்துக்குச் செவிசாய்க்கும் தலைவராக மட்டும் அவர் இருந்திருப்பாரானால், அந்த ஒப்பந்தம் உருவாகியே இருக்காது.

அவருடைய குணத்துக்கும் குறைக்கும் வேர் ஒன்றே. அது தம் மக்கள்மீது அவருக்கிருந்த ஆழ்ந்த அவநம்பிக்கை. 1917 முதல் கொலோன் நகரின் மேயராக இருந்து, பல்கலைக்கழகத்தை மீண்டும் நிறுவி, நகரைச் சுற்றிப் பசுமை வளையம் அமைத்த அவர், 1933-இல் ஹிட்லரை வரவேற்கச் செல்ல மறுத்து, ரைன் நதிப் பாலத்தில் கட்டிய நாஜிக் கொடிகளை இறக்கச் செய்ததன் பின், சில வாரங்களிலேயே பதவியிழந்து, மரியா லாக் மடாலயத்தில் ஒளிந்து வாழ நேர்ந்தது. 1944-இல் சிறையும் புகுந்தார். ஹிட்லருக்குப் பின்னால் திரண்ட கூட்டத்தைக் கண்ணால் கண்டவர், அக்கூட்டத்தின் நல்லறிவை நம்பாததில் வியப்பில்லை. ஆகவேதான் 1951-இன் நிலக்கரி எஃகுச் சமூகம், 1955-இல் நேட்டோ, 1957-இல் ரோம் உடன்படிக்கை என்று, தாம் மறைந்த பிறகும் ஜெர்மனி வழி தவறிப் போக முடியாதபடி அதை மேற்கோடு பிணைத்தார். எதிர்காலத் தலைவர்கள் மாஸ்கோவோடு உடன்பாடு செய்துகொள்வார்களோ என்ற அச்சத்தை 1955 டிசம்பரில் பிரிட்டிஷாருக்கு அந்தரங்கமாகத் தெரிவித்த செய்தியும் பிற்காலத்தில் வெளிப்பட்டது.

ஒன்றுபட்ட, நடுநிலை ஜெர்மனியைப் பற்றி 1952 மார்ச்சில் ஸ்டாலின் விடுத்த யோசனையை அவர் சோதித்துப் பார்க்கவும் இசையவில்லை. அது பெரும்பாலும் ராஜதந்திரச் சூழ்ச்சியே என்பது என் எண்ணம். ஆயினும் கிழக்கே அகப்பட்டுக் கிடந்த ஏறத்தாழ 1.8 கோடி மக்களின் பொருட்டாவது அதைக் கேள்வி கேட்டுப் பார்த்திருக்கலாம்.

இவற்றையெல்லாம் விடக் கனத்த குற்றம் ஹான்ஸ் குளோப்கே விவகாரம். யூதர்களின் பிரஜா உரிமையைப் பறித்த நியூரம்பர்க் சட்டங்களுக்கு 1936-இல் விரிவுரை எழுதியவர்களுள் ஒருவரான இந்த அதிகாரி, 1953 முதல் 1963 வரை சான்ஸலர் அலுவலகத்தின் தலைமையில் வீற்றிருந்தார். அனுபவமுள்ள உத்தியோகஸ்தர்கள் இல்லாமல் நிர்வாகம் நடவாது என்பது அடேனாவர் தரப்பு வாதம். தபால் இலாகாவுக்கும் ரயில்வேக்கும் அந்த வாதம் பொருந்தலாம். சான்ஸலரின் பக்கத்து அறைக்குப் பொருந்தாது. லக்ஸம்பர்க்கில் கையொப்பமிட்ட அதே கரம் குளோப்கேயைத் தாங்கி நின்றது, உயிர் தப்பியவர்களுக்கு எத்தகைய வேதனையைத் தந்திருக்கும்! எதிர்க்கட்சித் தலைமையின் உள் ஆலோசனைகள், உளவு நிறுவனம் வழியே குளோப்கேக்கும் அவர் மூலம் அடேனாவருக்கும் ஆண்டுக்கணக்கில் எட்டிக்கொண்டிருந்தன என்பதையும் அண்மையில் ஆராயப்பட்ட ஆவணங்கள் காட்டுகின்றன.

‘பரிசோதனைகள் வேண்டா’ என்ற கோஷத்தோடு 1957 தேர்தலில் அவருடைய கிறிஸ்தவ ஜனநாயக அணி 50.2 சதவீத வாக்குகளைப் பெற்றது. அந்த உச்சத்தில் அவர் விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. ஜனாதிபதியாகப் போவதாக 1959-இல் அறிவித்தவர், பொருளாதார மந்திரி லுட்விக் எர்ஹார்ட் தம் இடத்துக்கு வருவதைச் சகியாமல் பின்வாங்கினார். 1961-இல் அவர் நிறுவ முயன்ற தொலைக்காட்சியை அரசியல் சாசன நீதிமன்றம் தடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 13-இல் பெர்லின் நடுவே எல்லை அடைக்கப்பட்டபோது, ஒன்பது நாள் கழித்தே அவர் அங்கே சென்றார். இடையே, பெர்லின் மேயர் வில்லி பிராண்டின் பிறப்பைக் குத்திக்காட்டித் தேர்தல் பிரசாரம் செய்தது மன்னிக்கத் தக்கதன்று.

1962 அக்டோபரில், ராணுவத்தின் குறைகளை எழுதிய ‘டெர் ஷ்பீகல்’ பத்திரிகையின் அலுவலகத்தைப் போலீஸார் கைப்பற்றி, அதன் ஆசிரியரைச் சிறையிலிட, சான்ஸலர் பத்திரிகை எழுதியதைத் தேசத் துரோகம் என்று பாராளுமன்றத்தில் முழங்கினார். மாணவர்களும் பேராசிரியர்களும் பத்திரிகையாளர்களும் பத்திரிகைச் சுதந்திரத்துக்காக வீதிக்கு வந்தார்கள். கூட்டணி மந்திரிகள் விலகினார்கள். பாதுகாப்பு மந்திரி ஸ்ட்ராவுஸ் பதவியிழந்தார். எந்த ஜனங்களை அடேனாவர் நம்பவில்லையோ அவர்களே, அவர் கட்டிய அரசியல் சாசனத்தை அவரிடமிருந்து காத்தார்கள். 1949-இல் அவருடைய அவநம்பிக்கைக்கு ஆதாரம் இருந்தது. 1962-இல் அதற்கு ஆதாரம் எதுவும் எஞ்சவில்லை. இந்த மாறுதலை உணராமற்போனதே அவருடைய ஆட்சிமுறையின் பெரும் தோல்வி என்பது என் தீர்ப்பு. ஓராண்டு கழித்து, 1963 அக்டோபரில், தம் கட்சியினராலேயே நெருக்கப்பட்டு, 87-ஆம் வயதில் அவர் சான்ஸலர் பதவியை விட்டு இறங்கினார்.