ஒரு நாள் பாடமும் ஓராண்டுக் கணக்கும்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குழந்தைகளின் வலிப்பு நோயைப் பார்த்துவந்த ஒரு மருத்துவரின் பணி 2001-இல் நிறுத்திவைக்கப்பட்டது. அவரிடம் சிகிச்சை பெற்ற 1,900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கோப்புகளை வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 600-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் தவறாகக் கணிக்கப்பட்டிருந்தது. வலிப்பு நோயே இல்லாத பிள்ளைகள் வலிப்பு மருந்தை வருடக்கணக்கில் விழுங்கியிருந்தார்கள். 2003-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை இதை ஒரு தனிமனிதரின் தவறாக மட்டும் பார்த்து முடித்துவிடவில்லை. அந்தத் துறையில் போதிய பயிற்சி இல்லாத ஒருவர் தன்னந்தனியாக இத்தனை பிள்ளைகளைப் பார்த்துவந்தார் என்பதும், அவருடைய முடிவைக் கேள்வி கேட்க அருகில் யாரும் இல்லை என்பதும் அதில் இருந்தன. பயிற்சி இல்லை, கண்காணிப்பு இல்லை. இந்த இரண்டு குறைகளையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் உலகெங்கும் பரவியது முதல் குறைக்கான மருந்து மட்டும்தான்.

அந்தச் சூழலில்தான் பிரிட்டிஷ் குழந்தை நரம்பியல் சங்கம் 2005-இல் 'பெட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. முதல் நிலை ஒரே நாள் வகுப்பு. பொது மருத்துவர், குழந்தை மருத்துவர், அவசரப் பிரிவில் இருப்பவர், செவிலியர் என யாரும் சேரலாம். மேல் நிலை வகுப்புகள் வலிப்பு நோயைத் தனிப்பொறுப்பாக ஏற்றுப் பார்ப்பவர்களுக்கானவை. பாடத்திட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். சிறு குழுக்களாக உட்கார்ந்து, உண்மையான பிள்ளைகளின் வீடியோக்களைப் பார்த்து விவாதிப்பதே வகுப்பின் உயிர். ஆசிரியர்களுக்கும் தனியாகப் பயிற்சி உண்டு என்பதால், ஒரு நாட்டில் வேரூன்றியதும் உள்ளூர் நிபுணர்களே வகுப்பை ஏற்று நடத்துகிறார்கள். இந்தியா, மியான்மர், கென்யா, தென்னாப்பிரிக்கா என்று அது பரவியது அப்படித்தான்.

இந்த வகுப்பின் பெரிய பலம் அது பாடத்தை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. மருந்துகளின் பட்டியலை அது முன்னால் வைப்பதில்லை. "வந்தது வலிப்புதானா?" என்ற கேள்வியைத்தான் முதலில் வைக்கிறது. மருத்துவக் கல்லூரியில் வலிப்பு நோய் என்றாலே எந்த வகைக்கு எந்த மருந்து என்று மனப்பாடம் செய்து வந்தவர்களுக்கு இது தலைகீழான வரிசை. ஆனால் குழந்தைகளில் வலிப்பைப் போலவே தோன்றுபவை ஏராளம். அடிபட்டு வீறிட்டு அழும் ஒரு வயதுப் பிள்ளை மூச்சை அடக்கி, நீலம் பாரித்து, விறைத்துத் துவண்டுவிடும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நிற்கும் பெண் கண் இருட்டி விழுந்து, இரண்டு முறை கை கால் உதறுவாள். தூக்கத்தில் எழுந்து அலறும் பிள்ளைக்குக் காலையில் எதுவும் நினைவிருக்காது. பாடத்தில் கவனம் இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையும், சில நொடிகள் நினைவு அறுந்துபோகும் 'ஆப்சென்ஸ்' வலிப்புள்ள பிள்ளையும் ஆசிரியரின் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருப்பார்கள்.

இவற்றைப் பிரித்துச் சொல்லும் கருவி எதுவும் இல்லை. மூளை அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. சொல்லிவிடும் என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமும் இருக்கிறது, பெற்றோரிடம் இன்னும் அதிகமாக இருக்கிறது. வலிப்பு நோய் உள்ள பிள்ளைக்கும் முதல் இ.இ.ஜி. சாதாரணமாக வரலாம். நோயே இல்லாத பிள்ளைகளில் சிலருக்கு அதில் கூர்முனை அலைகள் தெரியலாம். நோயைக் கணிப்பது பார்த்தவரின் வாய்மொழியிலிருந்துதான். விழுவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தான், நிறம் மாறியதா, கண் எந்தப் பக்கம் போனது, எவ்வளவு நேரம், எழுந்ததும் எப்படி இருந்தான் என்று அடுக்கடுக்காகக் கேட்க வேண்டும். வீட்டார் கைப்பேசியில் எடுத்த வீடியோ இருந்தால் அது பல நேரங்களில் இ.இ.ஜி. காகிதத்தைவிட அதிகம் சொல்லும். டென்மார்க்கின் டியானலுண்ட் வலிப்பு மையத்தில் சேர்க்கப்பட்ட 223 பிள்ளைகளைப் பற்றி 2006-இல் வெளிவந்த ஆய்வில், 39 சதவீதம் பேருக்கு வலிப்பு நோயே இல்லை என்று தெரியவந்தது. வசதியிலும் நிபுணத்துவத்திலும் குறைவில்லாத நாட்டில் இது நடந்திருக்கிறது. தெளிவில்லாத இடத்தில் "தெரியவில்லை, பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லும் துணிவை ஒரு மருத்துவருக்கு ஒரே நாளில் கொடுக்க முடியும் என்றால், அந்த நாள் வீணானதல்ல.

பொறுத்திருக்கக் கூடாத இடமும் உண்டு. நான்கு முதல் எட்டு மாதக் குழந்தை தூங்கி எழும் நேரத்தில் தலையும் உடலும் முன்னால் மடங்கி, கைகள் விரிந்து, சில நொடிக்கு ஒருமுறை கொத்துக் கொத்தாக இழுத்துப் போட்டால் அது இன்ஃபன்டைல் ஸ்பாசமாக இருக்கலாம். 1841-இல் வில்லியம் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தன் சொந்த மகனிடம் கண்டு 'லான்செட்' இதழுக்கு எழுதிய நோய் இது. நம் வீடுகளில் வயிற்று வலி என்பார்கள், உரம் விழுந்திருக்கிறது என்பார்கள், பயந்திருக்கும் என்று மந்திரிக்கக் கொண்டுபோவார்கள். மருத்துவரே "சரியாகிவிடும்" என்று அனுப்புவதும் உண்டு. சிகிச்சை தள்ளிப்போகப் போக நான்கு வயதில் பிள்ளையின் வளர்ச்சி அதற்கேற்பப் பின்தங்கியதை 2011-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு காட்டியது. இந்த அசைவின் வீடியோவை ஒருமுறை பார்த்த மருத்துவர் பிறகு மறப்பதில்லை. எழுத்தில் எத்தனை பக்கம் படித்தாலும் அது கிடைக்காது. வகுப்பில் வீடியோவை நடுவில் வைத்ததற்கு இதைவிட நல்ல நியாயம் தேவையில்லை.

மருந்துகளிலும் இப்படி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை உண்டு. கார்பமசெபின் சில வகை வலிப்புக்கு அருமையான மருந்து. ஆப்சென்ஸ் வலிப்பிலும், இளம்பருவத்தில் காலையில் கை வெட்டி இழுக்கும் வகையிலும், டிராவே என்ற அரிய வலிப்பு நோயிலும் அதே மருந்து வலிப்பைக் கூட்டிவிடும். வால்ப்ரோயேட் பெண் பிள்ளைகள் வளர்ந்து கருவுறும்போது சிசுவைப் பாதிக்கும். இதையெல்லாம் தவறு நடக்கும் முன் தெரிந்துகொள்ள ஒரு நாள் போதும்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை, யார் அந்த நாற்காலியில் உட்காருகிறார்கள் என்பது. இந்தியாவில் இப்படிப்பட்ட வகுப்புக்கு விடுப்பு எடுத்து, நகரத்துக்குப் பயணம் செய்து வருபவர் ஏற்கெனவே அக்கறை உள்ள குழந்தை மருத்துவர். வலிப்பு வந்த பிள்ளையை முதலில் பார்ப்பவர் அவர் இல்லை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், தெருமுனை கிளினிக்கில் இருப்பவர், மருந்துக் கடைக்காரர், கிராம சுகாதார செவிலியர் ஆகியோரைத் தாண்டித்தான் பிள்ளை அவரிடம் வந்து சேர்கிறது.

இரண்டாவது, பாடத்திட்டம் பிறந்த மண்ணின் வாசனை. இ.சி.ஜி.யும் எம்.ஆர்.ஐ.யும் கேட்டவுடன் கிடைக்கும், வலிப்பு நோய்க்கென்றே தனிச் செவிலியர் இருப்பார் என்ற எதிர்பார்ப்பு அதன் அடியில் இருக்கிறது. நம்மிடம் பிறக்கும்போது மூச்சுத் திணறிய பிள்ளைகளும் மூளைக் காய்ச்சல் வந்து பிழைத்த பிள்ளைகளும் அதிகம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அந்த மாவட்டத்தில் செய்த ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கியதே காரணமாகத் தெரிந்தது. இந்திய ஆசிரியர்கள் தங்கள் நோயாளிகளைக் கொண்டு இந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்புகிறார்கள். அதனால் இதை நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

நேரம் இல்லாமை அதைவிடப் பெரிய பிரச்சினை. பொறுமையாகக் கதை கேட்பதே நோயறிதல் என்று கற்றுக்கொண்டு திரும்பும் மருத்துவர், மறுநாள் காலையில் நூறு பேர் காத்திருக்கும் ஓ.பி.யில் உட்காருகிறார். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம்தான். கற்ற திறமைக்கு வேலை செய்ய இடமில்லாதபோது கை தானாக இ.இ.ஜி. சீட்டு எழுதப் போகிறது. இதற்கு வகுப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வகுப்பு நடத்தியதையே சாதனையாகக் கணக்கிடும் வழக்கத்தைக் குறை சொல்லியே ஆக வேண்டும். எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தோம், வகுப்புக்கு முன்னும் பின்னும் மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தது, "என் நடைமுறை மாறியது" என்று எத்தனை பேர் சொன்னார்கள் என்பவை எல்லாம் மருத்துவரைப் பற்றிய கணக்குகள். பிள்ளைக்கு என்ன ஆனது என்ற விவரம் அவற்றில் இல்லை.

பிரிட்டன் இந்த இடத்தில் இன்னொரு காரியமும் செய்தது. 2009-இல் 'எபிலெப்சி 12' என்ற தேசியத் தணிக்கை தொடங்கியது. முதல் பரிசோதனைக்குப் பிந்தைய 12 மாதங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன கவனிப்பு கிடைத்தது என்பதை 12 அளவுகோல்களால் அது பார்த்தது. வலிப்பில் தேர்ந்த குழந்தை மருத்துவர் பார்த்தாரா, தனிச் செவிலியரின் துணை கிடைத்ததா, கை கால் இழுத்த பிள்ளைக்கு இ.சி.ஜி. எடுத்தார்களா (இதயத் துடிப்புக் கோளாறு வலிப்பு வேடத்தில் வந்து உயிரை எடுத்துவிடும் என்பதால்), கார்பமசெபின் கொடுக்கக் கூடாத இடத்தில் கொடுக்கப்பட்டதா என்றெல்லாம் கேட்டது. எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்த கேள்வி ஒன்று உண்டு: வலிப்பு நோய் என்று சொல்லப்பட்ட பிள்ளைக்கு ஓராண்டு கழித்தும் அந்த முடிவு நிற்கிறதா, திரும்பப் பெறப்பட்டதா? லெஸ்டரில் பத்தாண்டுகளாக யாரும் கேட்காத கேள்வி இது. மருத்துவமனை வாரியாக விடைகள் வெளியாவதால் பின்தங்கியவர்கள் ஒளிந்துகொள்ள முடிவதில்லை.

வகுப்பும் தணிக்கையும் அங்கே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. கடல் கடந்து வந்தது வகுப்பு மட்டுமே. இதுவே இந்த நடைமுறையின் ஆழமான குறை என்று நினைக்கிறேன். நடத்துவது எளிது, நிதி கிடைக்கும், படம் எடுக்கலாம் என்பதால் வகுப்பு பயணம் செய்துவிடுகிறது. கணக்கெடுப்புக்கு வருடம் முழுக்க உட்கார்ந்து எழுத ஆள் வேண்டும், நம் தவறுகள் வெளியில் தெரியச் சம்மதமும் வேண்டும்.

மாற்று வழிகளையும் எடைபோட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட மனநல இடைவெளி வழிகாட்டி, நிபுணர் அல்லாதவர்களையே வலிப்பு நோயைப் பார்க்கப் பழக்குகிறது. கானா, மொசாம்பிக், மியான்மர், வியட்நாம் ஆகிய நாடுகளில் அந்நிறுவனம் இந்த வழியில் திட்டங்கள் நடத்தியது. வட நைஜீரியாவில் சமுதாய சுகாதாரப் பணியாளர்களே பிள்ளைகளுக்குச் சிகிச்சை தரும் முறையைச் சோதித்திருக்கிறார்கள். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய், ஏழை நாடுகளில் நான்கில் மூவருக்குச் சிகிச்சையே இல்லை என்னும்போது இந்த வழியை ஒதுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அது பெரிதும் கை கால் இழுக்கும் வலிப்பையே குறிவைக்கிறது. ஆப்சென்ஸ் பிள்ளையும் ஸ்பாசம் வந்த கைக்குழந்தையும் அந்த வலையில் சிக்காமல் நழுவிவிடுவார்கள். நியூ மெக்சிகோவில் 2003-இல் ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்காகத் தொடங்கி வலிப்பு நோய்க்கும் விரிந்த 'எக்கோ' முறையில், ஊர்ப்புற மருத்துவர்கள் தங்கள் நோயாளியைப் பற்றித் தவறாமல் இணையவழியில் நிபுணரோடு பேசுகிறார்கள். ஒரு நாள் வகுப்பு மறந்துபோகும் காலத்தில் அறிவைப் புதுப்பிக்க எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான வழி இல்லை.

தமிழ்நாட்டில் இவற்றை இணைக்கப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் வலிப்பு ஏற்கெனவே இருக்கிறது. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் போகும் குழுக்கள் இருக்கின்றன, பிள்ளைகளை அனுப்ப மாவட்ட இடையீட்டு சேவை மையங்கள் இருக்கின்றன. வகுப்பின் முதல் நாற்காலிகளை அந்தக் குழுவினருக்குக் கொடுக்க வேண்டும். மையத்தில் ஒரு பதிவேடு போதும்: முதல் ஃபிட்ஸ் வந்த தேதி, பயிற்சி பெற்ற மருத்துவர் பார்த்த தேதி, வீடியோ கேட்டார்களா, என்ன மருந்து, ஓராண்டு கழித்து அந்த முடிவு மாறியதா. வகுப்பெடுத்த நிபுணர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பதிவேட்டோடு உட்கார்ந்து, எந்தக் கட்டங்கள் காலியாக இருக்கின்றனவோ அவற்றிலிருந்து அடுத்த வகுப்பின் பாடத்தை எழுத வேண்டும்.