பெட்டகத்துள் ஒளி

சிற்றூர் வங்கி என்றால் கிரேக்கக் கோயில் போன்ற தூண் முகப்பு! அமெரிக்காவில் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதுவே வழக்கம். மினசோட்டா மாநிலத்து ஓவட்டோனா நகரின் உழவர் வங்கி வேறு வழியில் சென்றது.

வானளாவிக் கட்டடங்களால் புகழ்பெற்ற லூயி சல்லிவன் வடிவமைத்த அது 1908-இல் நிறைவுற்றது. வெளியே பார்த்தால் ஒரு பெரிய பெட்டகம்: அடியில் செம்மணற்கல், மேலே செங்கல். தெருப் பக்கங்கள் இரண்டிலும் அகன்ற வளைவுச் சன்னல்கள். கனத்த சுவர் பணத்துக்குப் பாதுகாப்பைச் சொல்கிறது. வளைவு ஒளியை உள்ளே அழைக்கிறது. உட்சுவர் ஓவியங்களில் பசுக்களும் அறுவடையும். பணம் செலுத்த வந்த உழவர் தம் வாழ்வையே அங்குக் கண்டார்.

வடிவம் பயனைத் தொடர வேண்டும் என்று 1896-இல் எழுதியவர் சல்லிவன். ‘அப்படியானால் இத்தனை சுடுமண் அலங்காரம் ஏன்?’ என்று நீங்கள் கேட்கலாம். உட்புறத்தில் அது சற்று மிகைதான். ஆனால் அது வீண் அன்று. உழவரை மதித்து வரவேற்பதும் வங்கியின் பயன்களுள் ஒன்றல்லவா?

இதை 1940-இல் மறந்தார்கள். புதுமைப்படுத்துவதாக எண்ணிக் காசாளர் கூண்டுகளை அகற்றினர். 1950களில் சீரமைத்தபோதும் இழந்தவை அனைத்தும் திரும்பவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. அணிவேலைகளில் பெரும்பங்கு ஜார்ஜ் எல்ம்ஸ்லியுடையது. புகழோ சல்லிவனுக்கே போயிற்று.

நண்பர்களே, உங்கள் ஊரில் பழைய கட்டடம் ஒன்றை மாற்றப்போகிறார்களா? இடிக்குமுன், அதன் ஒவ்வோர் உறுப்பும் யாருக்கு, எதற்குப் பயன்பட்டது என்று கேளுங்கள்.