ஊரதிகாரமும் அரசும்: ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’யை முன்வைத்து

துருக்கி 1924இல் கிலாபத்தை ஒழித்தபின், இஸ்லாமியச் சமூகங்களில் அரசுக்கும் சமயத்துக்கும் உள்ள உறவு பற்றிய விவாதம் கூர்மையடைந்தது. இஸ்லாம் குறிப்பிட்ட ஆட்சிவடிவம் எதனையும் விதிக்கவில்லை என்று எகிப்திய அறிஞர் அலி அப்துர் ராசிக் 1925இல் வாதிட்டார். அல் அஸ்ஹர் அவரை உலமாக்களின் வரிசையிலிருந்து நீக்கியது. வாயில் ஹல்லாக் 2013இல் வேறொரு கோணத்தை முன்வைத்தார். ஷரீஅத் முற்காலத்தில் சட்ட அறிஞர்களாலும் சமூகத்தாலும் பேணப்பட்டது. சட்டமியற்றும் உரிமையைத் தனதாக்கிக்கொண்ட நவீன அரசோடு அது பொருந்தாது என்பது அவர்தம் கருத்து.

இக்கருத்து, நவீன அரசு முழுமையாக வந்துசேராத சமூகத்தைப் பெரிதும் அறவழிப்பட்ட தன்னாட்சியாகக் காண்கிறது. தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ (1988) அக்காட்சியைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. திருவிதாங்கூர்க் கால முஸ்லிம் கடலோர ஊரில் ஆட்சி செலுத்துபவர் சட்ட அறிஞர் அல்லர். வடக்குவீட்டு அகமதுக்கண்ணு முதலாளி. பள்ளிவாசலும் தங்ஙளின் அருளும் அவருடைய நிலவுடைமைக்குச் சமய ஏற்பு வழங்குகின்றன. ஆங்கிலப் பள்ளியை மார்க்க விரோதம் என ஊர் எதிர்க்கும்போது, காக்கப்படுவது மார்க்கமன்று, அவரது மேலாண்மையே. அவரை எதிர்த்து நிற்கும் சுறாப்பீலி வணிகர் மகமூதோ சமயத்தைத் துறந்தவர் அல்லர். எனவே இங்கு மோதல் இறைநம்பிக்கைக்கும் நம்பிக்கையின்மைக்கும் இடையில் இல்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அதிகாரத்துக்கும் அதனைத் தட்டிக்கேட்கும் நம்பிக்கையாளருக்கும் இடையில் நிகழ்கிறது.

எனினும் நாவலைச் சமயத்துக்கு எதிரான நவீன அரசின் வெற்றியாக வாசிப்பதும் பிழையாகும். திருவிதாங்கூர் அரசே 1750இல் பத்மநாபசுவாமிக்கு உரிமையாக்கப்பட்டது. மன்னர்கள் பத்மநாபதாசர் எனும் பெயரிலேயே ஆண்டனர். ஆகவே சமயத்தில் தோய்ந்த ஊர், சமயம் கடந்த அரசு என்னும் எதிர்நிலை அங்குச் செல்லாது.

ஒரு புனைவு வரலாற்றுக் கோட்பாட்டை மறுத்துவிடாது. ஆயினும் ஹல்லாக்கின் வாதம் தவறவிடும் கேள்வியை அது எழுப்புகிறது: சமூகமே சட்டத்தைப் பேணும்போது, சமூகத்தின் பெயரால் பேசுபவர் யார்? தமிழக ஜமாஅத்துகள் குறித்த ஆய்வுகள், அரசா சமயமா என்னும் வினாவினும் இவ்வினாவிலிருந்து தொடங்குவதே பயன்தரும்.