வாளியும் பூட்டும் போதுமா?

பிள்ளைகளை வெளியூருக்குப் படிக்க அனுப்பும் பருவம் வந்துவிட்டால், தமிழ்நாட்டுக் குடும்பங்களில் ஒரு ஜாபிதா பிறந்துவிடுகிறது. கல்லூரிக்காரர்கள் ஒன்று அச்சடித்துக் கொடுக்கிறார்கள். போன வருஷம் சேர்ந்த பையனின் தகப்பனார் ஒன்று சொல்கிறார். அம்மா தன் மனசுக்குள் ஒன்று வைத்திருக்கிறாள். வாளி, குவளை, பூட்டு, மெத்தை, போர்வை இரண்டு, கொடிக்கயிறு, கொசுவலை, தலைவலித் தைலம், ஊறுகாய் பாட்டில் என்று அது நீண்டுகொண்டே போகிறது. இந்த ஜாபிதாவையும் ஒரு நூலாகப் பாவித்து விமரிசனம் செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. நாவலையும் கவிதையையும் மட்டும்தான் விமரிசிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டுவிடவில்லை. தவிரவும், ஆண்டுதோறும் இத்தனை குடும்பங்கள் இத்தனை சிரத்தையோடு வரிவரியாகப் படிக்கிற எழுத்து வேறு எது இருக்கிறது?

நான் வசிப்பது ஆவடியை அடுத்த கோவில்பதாகையில். 1955-ல் காங்கிரஸ் மகாசபை கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட ஆவடி. 1961-ல் டாங்கித் தொழிற்சாலை வந்த ஆவடி. அதை ஒட்டி, ஓர் ஏரியும் ஒரு பெருமாள் கோவிலும் வயலுமாக இருந்த எங்கள் ஊர், இப்போது வீடுகளும் வாடகை அறைகளுமாக ஆகியிருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஆடி, ஆவணி மாதங்களில் தெருவில் நின்றால் போதும்; தர்மபுரித் தமிழும் திருநெல்வேலித் தமிழும் ஆந்திரத் தெலுங்கும் டீக்கடை வாசலிலேயே காதில் விழும். ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் புது வாளி ஒன்று இருக்கும். வாளிக்குள் மற்ற சாமான்கள் இருக்கும்.

இந்த ஜாபிதாக்களை நாலைந்து வாங்கிப் பார்த்தேன். அவற்றின் நடை சுருக்கமானது; பிழை சொல்ல இடமில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. தேவையானது எதுவானாலும் கடையில் கிடைக்கும் என்பது ஒன்று. வருகிறவன்தான் தயாராகவேண்டும், வரவேற்கிறவர்களுக்கு அந்த வேலை கிடையாது என்பது மற்றொன்று. இந்த இரண்டும் சரிதானா என்று பார்க்க, படிக்கப் போனவர்களைப் பற்றிய நம் புத்தகங்களையே சாட்சிக்குக் கூப்பிடலாம்.

ஜாபிதா இலக்கியத்தில் தலைசிறந்தது என்று நான் நினைப்பது மகாத்மா காந்தி எழுதியது. 1888-ல் லண்டனுக்குப் படிக்கப் போன காந்தி, பிறகு தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, 1893-94 வாக்கில், லண்டனுக்குப் படிக்கப் போகும் இந்திய மாணவர்களுக்காக ஒரு வழிகாட்டி எழுதினார். அவருடைய நூல்தொகுதியில் அது சேர்ந்திருக்கிறது. யார் போகலாம், என்ன உடுப்பு வேண்டும், அதற்கு என்ன விலை, சாப்பாட்டுக்கு என்ன ஆகும் என்று காசு காசாகக் கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறார். வாரத்துக்கு ஒரு பவுனில் கௌரவமாக வாழலாம் என்று வாதாடுகிறார். பணக்காரர் பிள்ளைகள் மட்டும்தான் சீமைக்குப் போகலாம் என்ற எண்ணத்தை உடைக்கவேண்டும் என்ற நோக்கம் அதில் தெரிகிறது. ஜாபிதாவுக்கு ஒரு நோக்கம் இருந்தால் அது எவ்வளவு உயர்ந்துவிடுகிறது என்பதற்கு இது உதாரணம்.

ஆனால் இதே காந்தி இதே அநுபவத்தைப் பிற்காலத்தில் சத்திய சோதனையில் வேறு விதமாகச் சொல்கிறார். வெள்ளைப் பிளானல் உடுப்புடன் கப்பலை விட்டு இறங்கினால், அந்த உடுப்பில் வேறு ஒருவரும் இல்லை. பெட்டியும் சாவியும் ஏஜெண்டிடம் போய்விட்டன, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவமானத்தோடு ஹோட்டலில் உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா பார்க்க வருகிறார். பேச்சுவாக்கில் அவருடைய பட்டுத் தொப்பியைக் கையில் எடுத்து இவர் எதிர்த்திசையில் தடவிவிட, ரோமம் கலைந்துவிடுகிறது. பிறத்தியார் சாமானைத் தொடாதே, பார்த்ததும் சொந்த விஷயங்களைக் கேட்காதே, உரக்கப் பேசாதே என்று மேத்தா பாடம் சொல்கிறார். ஹோட்டல் கட்டாது, ஒரு குடும்பத்தோடு தங்கு என்றும் யோசனை சொல்கிறார். அதற்கு முன் பழகிக்கொள்ள ஒரு நண்பர் வீட்டிலும் வைக்கிறார்.

வழிகாட்டியை விடச் சத்திய சோதனை எனக்கு ஏன் பெரிதாகப் படுகிறது? வழிகாட்டியில் உடுப்பு இருக்கிறது; சத்திய சோதனையில் மேத்தா இருக்கிறார். கடையில் கிடைக்காத அந்தச் சாமான், வந்து பார்த்துச் சொல்லிக் கொடுக்கிற மனிதன்.

இதையே இன்னும் கூர்மையாகக் காட்டும் சம்பவம் ஒன்று கணித மேதை ராமானுஜன் வாழ்க்கையில் உண்டு. 1914 மார்ச்சில் கப்பல் ஏறியவரை நம்மவர்கள் தயார் செய்த மாதிரி இன்னொருவரைத் தயார் செய்திருக்க மாட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்தது. குடுமியை எடுத்தார்கள். கோட்டும் கால்சராயும் வந்தன. கேம்பிரிட்ஜில் முதலில் கணித அறிஞர் நெவில் வீட்டில் தங்கினார். பிறகு ட்ரினிடி கல்லூரியில் அறை கிடைத்தது. ஜாபிதாவில் ஒரு குறையும் இல்லை.

அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காளி மாணவர் மகலநோபிஸ் (பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியலுக்கே அஸ்திவாரம் போட்டவர்) ஒரு நாள், ராத்திரியில் குளிருகிறதா என்று விசாரித்தார். குளிர்தான், மேல்கோட்டைப் போட்டுச் சால்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறேன் என்றார் ராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று மகலநோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் தாராளமாக இருந்தன. ஆனால் அந்த நாட்டு வழக்கப்படி மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடியிருந்தார்கள். ராமானுஜன் விரிப்புக்கு மேலே படுத்துக்கொண்டிருந்தார்! விரிப்பை விலக்கிக் கம்பளிக்குள் நுழைந்து படுப்பது எப்படி என்று நண்பர் காட்டிக் கொடுத்தார். நம் சீர்காழிக்காரர், நூலகத் துறை மேதை எஸ். ஆர். ரங்கநாதன் ராமானுஜனைப் பற்றி 1967-ல் வெளியிட்ட புத்தகத்தில் இது பதிவாகியிருக்கிறது.

இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பளி இருந்தது, அதற்குள் போகும் வழியை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாதவர்கள் கெட்டவர்களும் அல்லர். அந்த ஊரில் பிறந்தவனுக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றாது. புதிதாக வருகிறவன் கஷ்டப்படுவதெல்லாம், பழகினவர்கள் சொல்ல மறந்த விஷயங்களில்தான். அதனால்தான் ஜாபிதா எவ்வளவு நீண்டாலும் போதாமல் போகிறது. குளிருகிறதா என்று கேட்டதோடு நிற்காமல் உள்ளே போய்ப் பார்த்தாரே, அது ஜாபிதாவில் அடங்காது.

இனி நம் ஊருக்கு வருவோம். டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தை இலக்கிய வரலாறு என்று படிக்கிறார்கள், பதிப்பு வரலாறு என்று படிக்கிறார்கள். அதை நான் ஒரு மாணவன் ஜாகை தேடிய வரலாறு என்றும் படிப்பேன். 1871-ல், பதினாறு பதினேழு வயதில், தகப்பனாரோடு மாயூரத்துக்கு வந்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முன்னால் நிற்கிறார் அந்தப் பையன். பாடம் சொல்வதில் பிள்ளைக்குத் தடையில்லை. ஆனால் அவர் மனத்தில் வேறொரு கவலை இருக்கிறது. பையன் சாப்பாட்டுக்கு என்ன செய்வான்? திருவாவடுதுறையிலும் பட்டீச்சுரத்திலும் தாம் தங்கும்போது அதற்கு ஏற்பாடு செய்ய முடியும், மாயூரத்தில் முடியாதே என்று சொல்லி வருந்துகிறார். நாட்டில் பெரிய புலவர் என்று பெயர் எடுத்தவர், வந்த மாணவனிடம் அவன் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்.

இங்கே விமரிசகன் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்தக் கஷ்டமே ஜாதி ஆசாரத்தால் வந்த கஷ்டம். பிராமணப் பையன் வேளாளர் வீட்டில் சாப்பிட முடியாது. ஆகவே ஆசிரியர் வீட்டில் அடுப்பு எரிந்தும் மாணவனுக்குச் சோறு வெளியில் தேடவேண்டியிருந்தது. ஐயரவர்கள் இதை உலக வழக்கம் என்று சொல்லிப் போகிறாரே தவிர, ஏன் இப்படி என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி அந்தப் புத்தகத்தில் இல்லை. ஆனாலும், ஆசாரம் போட்ட வேலிக்குள் நின்றுகொண்டே அந்த ஆசிரியர் தம்மால் ஆனதை யோசித்தார் என்பதைப் புத்தகம் தெளிவாகக் காட்டுகிறது.

இதன் பிறகு நம் நாவல்களைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கிறது. டாக்டர் மு. வரதராசனின் ‘அகல் விளக்கு’ 1961-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. அதில் சந்திரன் என்ற கெட்டிக்காரப் பையன் கிராமத்திலிருந்து வந்து, சென்னைக் கல்லூரியில் சேர்ந்து, ஒரு பெண்ணின் நட்பைக் காதலென்று எண்ணிச் சீரழிகிறான். நண்பன் வேலய்யன் நிதானமாக இருந்து பிழைக்கிறான். மு. வ.வுக்கு மாணவர்கள்மேல் இருந்த அக்கறையை யாரும் மறுக்க முடியாது. அவர் புத்தகங்களைப் படித்துத் தேறியவர்கள் ஏராளம். ஆனால் அந்த நாவலில் பட்டணத்துப் படிப்பு ஒரு சோதனைக்கூடமாகத்தான் வருகிறது. நல்ல குணம் உள்ளவன் தப்புகிறான், மற்றவன் விழுகிறான். பையனின் ஒழுக்கம் பரீட்சிக்கப்படுகிறது. விடுதியின் ஒழுக்கத்தை யாரும் பரீட்சிக்கவில்லை. இதுவும் ஒருவகை ஜாபிதாதான். வாளிக்குப் பதில் நற்குணங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

விடுதியைப் பரீட்சித்த புத்தகம் வர 1992 ஆயிற்று. பாமாவின் ‘கருக்கு’. தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் விடுதிச் சோற்றில் கொழுக்கிறார்கள் என்று பேசும் விடுதிப் பொறுப்பாளரை அதில் பார்க்கிறோம். கல்லூரியில் விருந்து நடக்கும் நாளில் கட்டிக்கொள்ள நல்ல சேலை இல்லாமல், அது முடியும்வரை குளியலறையில் ஒளிந்துகொள்ளும் பெண்ணையும் பார்க்கிறோம். சேலை ஜாபிதாவில் இருந்திருந்தால் சரியாகியிருக்குமா? ஆகாது. வாங்கக் காசு வேண்டும் என்பது ஒரு பக்கம். இல்லாதவள் ஒருத்தி இங்கே இருப்பாள் என்று விருந்து வைத்தவர்களுக்குத் தோன்றவேண்டும் என்பது மறு பக்கம். நடையில் ‘கருக்கு’ ஓரிடத்தில் ஓடும், ஓரிடத்தில் நிற்கும். ஆனால் மற்ற நூல்கள் கேட்காததை அது கேட்டுவிட்டது. வருகிறவளைப் பார்த்துக் கேட்கவில்லை. வரவேற்பவர்களைப் பார்த்துக் கேட்டது.

அது பழைய கதை என்று வாசகர் சொல்லலாம். சிதம்பரத்தில் 1996 நவம்பரில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் விடுதியில் கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் விதிகள் செய்தது. இப்போது மாணவரும் பெற்றோரும் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டே சேரவேண்டும். பெண்கள் விடுதிகளுக்கு 2014-ல் தனிச் சட்டம் வந்தது. அரசு மாணவர் விடுதிகளின் பெயரைச் ‘சமூகநீதி விடுதி’ என்று மாற்றுவதாக 2025 ஜூலையில் அரசு அறிவித்தது. எல்லாம் நல்ல காரியங்கள்தான். சட்டம் அடிக்கிற கையைத் தடுக்கும். பலகையில் இருக்கும் பெயரை மாற்றும். வாசலில் நின்று கேட்கிற கேள்வியை அதனால் மாற்ற முடியவில்லை.

போன ஆடியில் எங்கள் தெருவில் நடந்தது இது. கல்லூரி விடுதியில் கட்டணம் கட்டாது என்று தர்மபுரிப் பக்கத்துத் தகப்பனார் ஒருவர் மகனோடு வாடகை அறை தேடி வந்தார். ஒரு வீட்டுக்கார அம்மாள் கதவைத் திறந்தார்.

“ரூம் இருக்குங்க. தண்ணி, கரண்ட் எல்லாம் வசதிதான். ஊர்ல உங்க வீடு எந்தப் பக்கங்க?”

“பஸ் ஸ்டாண்டுக்குக் கெழக்கால இருக்குதுங்கம்மா.”

“அது இல்லீங்க. எந்தத் தெரு?”

தகப்பனார் கையிலிருந்த ஜாபிதாவை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “நாங்க வேற எடம் பாத்துக்கறோங்கம்மா” என்றார். பையன் வாளியைத் தூக்கிக்கொண்டான். அதில் விலைச் சீட்டுக்கூட இன்னும் கிழிக்கப்படவில்லை.

அந்த அம்மாள் பொல்லாதவர் என்று நான் சொல்லவரவில்லை. தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பவர்தான். தெரு என்ன என்று கேட்டதில் தப்பு இருப்பதாகவே அவருக்குத் தோன்றியிருக்காது. கேம்பிரிட்ஜில் கம்பளியை இறுக்கிச் செருகியவர்களுக்கும் அப்படித்தான் தோன்றவில்லை. வித்தியாசம் என்னவென்றால், கம்பளி விஷயத்தை ஒரு நண்பர் ஒரு நிமிஷத்தில் சரிசெய்தார். இதை வெளியிலிருந்து வந்து ஒருவர் சரிசெய்ய முடியாது. கேட்பவர் கேட்பதை நிறுத்தினால்தான் உண்டு. இதற்கு அந்தப் பையன் எப்படித் தயாராவது? அவன் வாங்கிவரக்கூடிய சாமான் எது?

ஜாபிதாக்களைக் கிழித்துப் போடவேண்டும் என்பது என் கட்சி அல்ல. வாளியும் வேண்டும், பூட்டும் வேண்டும். கல்லூரி இரண்டு வருஷத்தோடு நின்றுபோனவனாகிய நான், பிள்ளைகளை ஆசையோடு அனுப்பும் பெற்றோருக்குப் புத்தி சொல்லப்போவதில்லை. என் விமரிசனமெல்லாம் இந்த நூலில் பாதி எழுதப்படாமல் கிடக்கிறது என்பதுதான். வருகிறவன் கொண்டுவரவேண்டியவை என்று ஒரு பக்கம் அச்சிடும்போது, நாங்கள் செய்து வைத்திருப்பவை என்று மறு பக்கமும் அச்சிடவேண்டும். முதல் வாரத்தில் அறைக்கு வந்து பார்க்க மூத்த மாணவர் ஒருவர். சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆசிரியர். விழா என்றால் சேலையோ சட்டையோ இல்லாதவர்களை நினைத்துக்கொள்ளும் ஒரு பொறுப்பாளர். அறை கேட்டு வந்தவரிடம் வாடகையையும் முன்பணத்தையும் மட்டும் பேசுகிற வீட்டுக்காரர். இதற்கெல்லாம் காசு செலவில்லை.

ஆவணி முடிவதற்குள் எங்கள் ஊருக்கு இன்னும் நிறையப் பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் பெட்டியைச் சரிபார்க்க அம்மா இருக்கிறாள். நம் வாசலை நாம்தான் சரிபார்க்கவேண்டும்.